வீட்டில் கட்டிய ரோபோ மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டிலும் பள்ளிக் கண்காட்சிக்கும் கட்டப்படும் குட்டி ரோபோக்கள் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். மூளையாக ஆர்டுயினோ ஊனோ போர்டு, மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், கியர் பெட்டியோடு வரும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு, எந்தப் பக்கமும் உருளும் ஒரு கேஸ்டர் சக்கரம், வரிசையாக இணைத்த இரண்டு 18650 லித்தியம் செல். அதற்கு மேல் கோடு பார்க்கும் ஐஆர் சென்சாரோ, ஒலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக்கோ, ப்ளூடூத்தோ, அவரவர் விருப்பம். கீழே உள்ளதெல்லாம் இந்த வண்டிக்கானது.

கையில் வேண்டியவை: சாதாரண மல்டிமீட்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயன், நாலைந்து நல்ல ஜம்பர் ஒயர். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி வைத்துக்கொண்டு வோல்ட் பார்க்காதீர்கள். பேட்டரி நேராக ஷார்ட் ஆகும்.

ஒரு முறையை மட்டும் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள். நேற்று ஓடிய வண்டி இன்று ஓடவில்லை என்றால் புரோகிராமில் கை வைக்க வேண்டாம். எழுதி ஏற்றிய புரோகிராம் ராத்திரியோடு ராத்திரியாக மாறாது. கரன்ட், ஒயர், கிரவுண்டு, பிறகு பாகங்கள், கடைசியில்தான் புரோகிராம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அறிகுறி 1: சுவிட்ச் போட்டும் ஒரு விளக்கும் எரியவில்லை

முதலில் செல் ஹோல்டரின் இரு முனையில் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துப் பாருங்கள். இரண்டு செல்லும் முழுதாக ஏறியிருந்தால் 8.4, பாதியில் 7.4 வாக்கில் காட்டும். 6.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

பூஜ்ஜியம் காட்டினால்: ஒரு செல் தலைகீழாக இருக்கலாம். தலைப்பக்கம் தட்டையான செல்கள் சில ஹோல்டரில் தகட்டைத் தொடுவதே இல்லை. செல்லை விரலால் அழுத்திப் பிடித்தால் மீட்டர் உயிர் பெறும். தகட்டைக் கொஞ்சம் வெளியே வளைத்துவிட்டால் போதும்.

ஹோல்டரில் வோல்ட் இருக்கிறது, டிரைவரின் 12வி ஸ்க்ரூவில் இல்லை என்றால் பழுது சுவிட்சிலோ இடைப்பட்ட ஒயரிலோதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரின் பீப் வரம்பில் சுவிட்சை ஆன், ஆஃப் செய்து பாருங்கள்.

12வி ஸ்க்ரூவில் வோல்ட் இருக்கிறது, ஆர்டுயினோ இருட்டு என்றால் டிரைவரில் உள்ள 5வி ஜம்பர் தொப்பி (இரண்டு பின்களை இணைக்கும் குட்டித் தொப்பி) கழன்றிருக்கலாம். அது இருந்தால்தான் டிரைவரில் உள்ள ரெகுலேட்டர் 5 வோல்ட் தரும். பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேல் போகாத வரை அந்தத் தொப்பி இருந்தாக வேண்டும்.

எல்லாம் சரி, போர்டு மட்டும் எழவில்லையா? பேட்டரியைப் பிரித்துவிட்டு யுஎஸ்பி ஒயரில் கொடுத்துப் பாருங்கள். அதிலும் எரியவில்லை, அல்லது போர்டில் உள்ள ஏதாவது ஒரு சிப் சில வினாடியில் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது என்றால் போர்டு போய்விட்டது. பேட்டரியைத் தலைகீழாகக் கொடுத்தபின் இது வந்திருந்தால் டிரைவரையும் சந்தேகியுங்கள். இந்த டிரைவர் போர்டுகளில் தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் காவல் பொதுவாக இருப்பதில்லை. இவற்றைச் செப்பனிடக் கொடுப்பது வீண் செலவு, புதுசு வாங்குங்கள்.

அறிகுறி 2: விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடவில்லை

வண்டியை ஒரு டப்பாவின் மேல் தூக்கி வைத்துச் சக்கரம் தரையில் படாமல் செய்யுங்கள். இங்கிருந்து வழி நாலாகப் பிரிகிறது.

சத்தமே இல்லை, இரண்டு மோட்டாரும் அசையவில்லை

முதல் சந்தேகம் கிரவுண்டு. பேட்டரியின் நெகட்டிவ், டிரைவரின் ஜிஎன்டி (கிரவுண்டு), ஆர்டுயினோவின் ஜிஎன்டி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆர்டுயினோவை யுஎஸ்பியிலும் மோட்டாரைத் தனி பேட்டரியிலும் ஓட்டிச் சோதிப்பவர்கள் இந்த ஒரு ஒயரை விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் ஆர்டுயினோ அனுப்பும் சிக்னல் டிரைவருக்குப் புரியவே புரியாது.

அடுத்தது டிரைவரின் இஎன்ஏ, இஎன்பி பின்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக அந்த ஜம்பர் தொப்பியை எடுத்துவிட்டு, அங்கே ஆர்டுயினோ ஒயரைச் செருக மறந்தால் மோட்டார் அசையாது. சோதிக்க, தொப்பிகளைத் திரும்ப மாட்டுங்கள். உடனே ஓடினால் அந்த இரண்டு ஒயரில்தான் வேலை.

வண்டியில் செர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் குட்டி மோட்டார்) ஒன்றைச் சேர்த்த நாளிலிருந்து மோட்டார் வேகம் கட்டுப்படவில்லையா? ஊனோவில் செர்வோ லைப்ரரியைப் போட்டதுமே 9, 10 ஆகிய பின்களில் பிடபிள்யூஎம் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்புச் சிக்னல்) வேலை செய்யாது. செர்வோவை எந்தப் பின்னில் மாட்டினாலும் இதுதான் நிலை. இஎன்ஏ, இஎன்பி ஒயர்களை 5, 6 பின்களுக்கு மாற்றுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல டிரைவரைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய.

இன்னும் ஓடவில்லை என்றால் மீட்டரை எடுங்கள். முன்னால் ஓடச் சொல்லிவிட்டு அளந்தால், டிரைவரின் சிக்னல் பின்னான ஐஎன்1-க்கும் ஜிஎன்டிக்கும் இடையே 5 வோல்ட், ஐஎன்2-ல் பூஜ்ஜியம், இஎன்ஏவில் 5, 12வி ஸ்க்ரூவில் பேட்டரி வோல்ட். நான்கும் சரியாக இருந்து, மோட்டார் ஒயர் மாட்டும் அவுட்1, அவுட்2 இடையே ஒன்றும் வரவில்லை என்றால் டிரைவரின் அந்தப் பக்கம் எரிந்துவிட்டது. டிரைவரை மாற்ற வேண்டியதுதான்.

ஒரு மோட்டார் மட்டும் ஓடவில்லை

அவுட்1-2 ஒயர்களையும் அவுட்3-4 ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகுங்கள். பழுது மோட்டாரோடு கூடவே வந்தால் மோட்டார், பழைய பக்கத்திலேயே நின்றால் டிரைவர் அல்லது சிக்னல் ஒயர்.

மோட்டார்தான் என்றால், அதைத் தனியே கழற்றி ஒரே ஒரு 18650 செல்லில் தொட்டுப் பாருங்கள். பிஓ மோட்டார் 3 முதல் 6 வோல்ட்டில் ஓடும். ஓடாவிட்டால் மோட்டாரின் பின்பக்கத் தகடுகளை உற்றுப் பாருங்கள். காகிதம் போல மெல்லிய செம்புத் தகடு அது. ஒயரை இழுத்து இழுத்து, ஈயம் வைத்த இடத்துக்குச் சற்றுக் கீழே முடி அளவு விரிசல் விட்டிருக்கும். மேலே பார்த்தால் ஒட்டியிருப்பது போலத் தெரியும், ஊசியால் தள்ளினால் ஆடும். கொஞ்சம் தகடு மிஞ்சியிருந்தால் மறுபடி ஈயம் வைத்து, ஒயரை மோட்டார் உடம்போடு சூட்டுப் பசையால் ஒட்டிவிடுங்கள். அடியோடு ஒடிந்திருந்தால் மோட்டாரை மாற்றுங்கள். புது மோட்டாருக்கு முதல் நாளே பசை வைத்துவிடுவது நல்லது.

முனகுகிறது, சுற்றவில்லை

புரோகிராமில் கொடுத்த வேக எண் (0 முதல் 255 வரை) குறைவாக இருக்கலாம். 255-க்கு 80, 90 என்று கொடுத்தால் பல பிஓ மோட்டார்கள் முனகிக்கொண்டு நிற்கும். 200 கொடுத்துப் பாருங்கள். அப்போதும் முனகினால் சக்கரத்தைக் கழற்றுங்கள். அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கும். கிரானைட் பாலிஷ் பட்டறைகள் இருக்கும் பகுதியில் இன்னொன்றும் உண்டு: மாவு போன்ற கல் தூசி கியர் பெட்டிக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் கிரீஸோடு சேர்ந்து பசையாகிவிடும். கியர் பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றி, கியர்கள் இருந்த வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். வெள்ளை கிரீஸ் ஒரு கடுகளவு போதும். தேங்காய் எண்ணெய் ஊற்ற வேண்டாம், தூசியை இன்னும் பிடித்து வைக்கும். பல் உடைந்த கியர் கண்ணில் பட்டால் புது மோட்டார்.

தூக்கினால் ஓடுகிறது, தரையில் வைத்தால் நிற்கிறது

இது அநேகமாக மின்னழுத்தம்தான். எல்298என் தன் வழியே போகும் கரன்டில் ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிவிடும். நாலு பென்சில் செல் போட்டு 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 4 தான். கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று சதுர 9 வோல்ட் பேட்டரியைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ரிமோட், மீட்டர் போன்ற சொற்பக் கரன்டு வேலைக்குப் படைத்தது அது. இரண்டு மோட்டார் இழுத்தால் வோல்ட் சட்டென்று படுத்துவிடும்.

சுமையோடு அளப்பதுதான் உண்மையான சோதனை. மோட்டார் ஓடும்போது சக்கரத்தை விரலால் இரண்டு வினாடி இறுக்கிப் பிடித்து, 12வி ஸ்க்ரூவில் வோல்ட் பாருங்கள். 8 இருந்தது 7.6 ஆனால் பரவாயில்லை. 6-க்குப் போனால் எங்கோ இழப்பு இருக்கிறது. அது எங்கே என்று அறிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை டிரைவரின் 12வி ஸ்க்ரூவிலும் வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில்தான் குறை: மெல்லிய ஜம்பர் ஒயர், லூஸ் ஸ்க்ரூ, துருப்பிடித்த ஹோல்டர். நெகட்டிவ் பக்கமும் அப்படியே அளந்துவிடுங்கள். மோட்டார் கரன்டைப் பிரெட்போர்டு வழியாகக் கொண்டுபோகாதீர்கள்.

ஒயரில் இழப்பில்லை, செல்லே படுக்கிறது என்றால் செல் பழசு. பழைய லேப்டாப் பேட்டரியில் உரித்த செல்களில் இது சகஜம். எல்லாம் சரியாக இருந்தும் இழுவை போதவில்லை என்றால் டிபி6612 அல்லது டிஆர்வி8833 டிரைவருக்கு மாறுங்கள். அவை விழுங்கும் வோல்ட் மிகக் குறைவு, பிஓ மோட்டாருக்குத் தாராளம். டிஆர்வி8833-ல் கவனம்: அதன் உச்ச வரம்பு 10.8 வோல்ட்.

அறிகுறி 3: மோட்டார் கிளம்பியதும் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது

உறுதி செய்ய, புரோகிராம் தொடங்கும்போது ஒரே தடவை ஓடும் செட்அப் பகுதியில், கணினித் திரையில் தெரியும் சீரியல் மானிட்டருக்கு ஒரு வார்த்தை அச்சிடச் சொல்லுங்கள். ஓடும்போது அந்த வார்த்தை திரும்பத் திரும்ப வந்தால் ரீஸ்டார்ட்தான்.

செலவில்லாதது முதலில்: பேட்டரி சார்ஜ். டிரைவரில் உள்ள 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே 7 வோல்ட்டாவது போனால்தான் வெளியே முழு 5 வரும். செல் இறங்க இறங்க ஆர்டுயினோவுக்குப் போகும் வோல்ட்டும் இறங்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் அது இன்னும் சரிந்து போர்டு விழுந்து எழும். ‘காலையில் நன்றாக ஓடியது, மதியம் ரீஸ்டார்ட் ஆகிறது’ என்று சொல்லப்படும் வண்டிகளுக்கு இதுதான் காரணம்.

முன்னால் ஓடுவதிலிருந்து ஒரேயடியாகப் பின்னால் திருப்பினாலும் கரன்டு எகிறும். நடுவில் 200 மில்லி வினாடி நிறுத்தம் கொடுங்கள். அடுத்து, டிரைவரின் 12வி, ஜிஎன்டி ஸ்க்ரூக்களுக்கு இடையே 1000 மைக்ரோபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. கோடு போட்ட கால் ஜிஎன்டிக்கு. ஒவ்வொரு மோட்டாரின் இரு தகடுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று. இதற்குத் திசை கிடையாது. மோட்டார் பிரஷ்ஷில் எழும் இரைச்சல் சென்சார் வரைக்கும் போவதை அது அடக்கும்.

செர்வோவை ஆர்டுயினோவின் 5வி பின்னிலிருந்து ஓட்டினால் அதை நிறுத்துங்கள். எஸ்ஜி90 போன்ற சின்ன செர்வோகூட முட்டி நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் கேட்கும். தனியாக ஒரு 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் போர்டு) கொடுங்கள், கிரவுண்டை மட்டும் சேருங்கள்.

இத்தனையும் செய்தும் எப்போதாவது ஒரு தடவை விழுந்து எழுகிறது என்றால் மீட்டரில் தெரியாது, நொடிக்குள் ஏறி இறங்கும் வோல்ட்டைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிகளில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி 4: நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கிறது

கேஸ்டர் உருண்டை சிக்கியிருக்கிறதா, சக்கரத்தின் ரப்பர் நழுவுகிறதா, மோட்டார் சேஸிஸில் கோணலாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் ஒயர்களை மேலே சொன்னபடி இடம் மாற்றி ஓட்டுங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் டிரைவர் அல்லது புரோகிராம். மாறாவிட்டால் மோட்டார் அல்லது சக்கரம்.

ஒரே கவரில் வாங்கிய இரண்டு பிஓ மோட்டாருக்கும் வேகம் ஒன்றாக இருக்காது. வேகமான பக்கத்தைக் குறையுங்கள், மெதுவான பக்கத்தைக் கூட்டாதீர்கள்: 200-க்கு 200 என்பதை 200-க்கு 188 என்று ஆக்கி, மூன்று மீட்டர் ஓடவிட்டுத் திருத்துங்கள். பேட்டரி இறங்கினால் இந்தக் கணக்கு மாறும். துல்லியம் வேண்டுமென்றால் துளைத் தகடும் ஸ்பீடு சென்சாரும் மாட்டத்தான் வேண்டும். ஒரு சக்கரம் பின்பக்கமாகச் சுற்றினால் அந்த மோட்டாரின் இரு ஒயரையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள், புரோகிராமைத் தொட வேண்டாம்.

உலோகச் சேஸிஸ் வளைந்தோ அச்சுத் துளை தேய்ந்தோ இருந்தால் வீட்டில் தட்டி நிமிர்த்தாதீர்கள். ஓசூர் சிப்காட் சுற்றுவட்டாரத்தில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. சின்ன புஷ் ஒன்று கடைந்து கேளுங்கள்.

அறிகுறி 5: கோட்டைப் பிடிக்காமல் ஓடிவிடுகிறது

முதலில் சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். போனின் முன்பக்கக் கேமராவை ஐஆர் எல்இடி முன் காட்டினால் பல போன்களில் ஊதா வெளிச்சம் தெரியும். பிறகு ஒரு வெள்ளைத்தாளையும் கருப்பு டேப்பையும் மாற்றி மாற்றிக் கீழே காட்டுங்கள். சென்சார் போர்டின் குட்டி விளக்கு மாறவில்லை என்றால் நீலப் பெட்டியில் உள்ள திருகை மெல்லத் திருப்புங்கள். சென்சார் தரையிலிருந்து 5 முதல் 10 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். இரண்டு சென்சார்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு வாஷர் வித்தியாசம் போதும் குழப்ப.

வீட்டில் ஓடுகிறது, கண்காட்சியில் ஓடவில்லை

காரணம் இரண்டு: வெயில், தரை.

சூரிய வெளிச்சத்தில் ஐஆர் நிறைய உண்டு. பள்ளி வராந்தாவில் காலை பத்து மணிக்கு மேல் சாய்ந்து விழும் வெயில் சென்சாரை நிரப்பிவிடும். கருப்பும் அதற்கு வெள்ளையாகத் தெரியும். சென்சார்களைச் சுற்றித் தரைக்கு 2 மி.மீ. மேலே நிற்கும்படி கருப்புச் சார்ட் அட்டையில் ஒரு பாவாடை ஒட்டுங்கள். திருகுகளை வீட்டில் அல்ல, ஓட்டப்போகும் இடத்தில், ஓட்டப்போகும் நேரத்தில் சரிசெய்யுங்கள்.

தரை விஷயம் நம் மாவட்டங்களில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட் தரையில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான். போதாததற்கு அந்தப் பளபளப்பில் மேல்விளக்கின் வெளிச்சமும் கண்ணாடி போலத் திரும்பி அடிக்கும். அங்கே வெள்ளை டேப் ஒட்டி, புரோகிராமில் ஹை, லோ இரண்டையும் இடம் மாற்றுங்கள். அதைவிடச் சுலபம், தடத்தையே கையோடு கொண்டுபோவது: பின்பக்கம் வெள்ளையாக உள்ள பழைய பிளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு அதன்மேல் கருப்பு டேப் ஒட்டுங்கள். சுருட்டி எடுத்துப் போகலாம், எந்தப் பள்ளியிலும் ஒரே தரை. டேப் மினுமினுத்தால் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். சிவப்பு ஆக்சைடு தரையையும் நம்ப வேண்டாம். கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரிவது சென்சாருக்கு வெளிறித் தெரியலாம்.

நேர்க்கோட்டில் போகிறது, வளைவில் விடுகிறது

வேகம்தான். 255-ல் ஓட்டாதீர்கள், 120, 130-ல் தொடங்குங்கள். 18 மி.மீ. டேப்புக்கு இரண்டு சென்சாரின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 30 முதல் 35 மி.மீ. இருந்தால் கோட்டை இருபுறமும் அணைத்துப் போகும். சென்சாரை அச்சுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் வளைவு தெரிவதற்குள் வண்டி தாண்டியிருக்கும், முன்னால் தள்ளுங்கள். புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதியில் ஒரு டிலே (காத்திருக்கும் கட்டளை) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த நேரம் முழுக்க வண்டி கண்ணை மூடிக்கொண்டுதான் ஓடுகிறது.

அறிகுறி 6: அல்ட்ராசோனிக் தப்பான தூரம் காட்டுகிறது

எப்போதும் பூஜ்ஜியம் என்றால் சென்சாரின் டிரிக், எக்கோ ஒயர்கள் மாறியிருக்கும், அல்லது கரன்ட் வாங்கும் விசிசி காலில் 5 வோல்ட் இல்லை. எண் தாவித் தாவி வந்தால், ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் 60 மில்லி வினாடி இடைவெளி விடுங்கள். பழைய எதிரொலி புதியதோடு கலக்கிறது. திரைச்சீலை, போர்வை, சேலை போன்றவை ஒலியை விழுங்கும். சாய்ந்த சுவர் வேறு பக்கம் திருப்பிவிடும். 2 செ.மீ.க்கு உள்ளே எதுவும் தெரியாது.

சித்திரை வெயிலில் அளவு சற்றுக் குறைந்து காட்டுவது பழுதல்ல. 38 டிகிரியில் ஒலி வேகமாகப் போவதால், 58-ஆல் வகுக்கும் வழக்கமான கணக்கில் 100 செ.மீ. என்பது 97 வாக்கில் வரும். தடை தவிர்க்கும் வண்டிக்கு இது பொருட்டில்லை.

அறிகுறி 7: ப்ளூடூத் சேரவில்லை, சேர்ந்தாலும் கேட்கவில்லை

எச்சி-05 ப்ளூடூத் மாடியூல் ஐபோனில் வேலை செய்யாது, ஆண்ட்ராய்டு போன் வேண்டும். கடவு எண் 1234 அல்லது 0000. போன் செட்டிங்கில் ஜோடி சேர்த்தால் மட்டும் போதாது, ஆப்பிலும் கனெக்ட் கொடுக்க வேண்டும். அப்போதுதான் வேகமாக மின்னும் விளக்கு நிதானத்துக்கு வரும். விளக்கு சரி, வண்டி அசையவில்லை என்றால் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் ஒயர்களைக் குறுக்காக மாற்றுங்கள், வேகம் 9600 தானா என்று பாருங்கள். மாடியூலின் ஆர்எக்ஸ் கால் 3.3 வோல்ட்டுக்கானது. ஆர்டுயினோவிலிருந்து வரும் ஒயரில் 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் போடுங்கள். இது இல்லாமலும் சில காலம் ஓடும், பிறகு ஒருநாள் நின்றுவிடும்.

அறிகுறி 8: புரோகிராம் ஏறவில்லை

ப்ளூடூத் ஒயர் 0, 1 பின்களில் இருந்தால் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். போர்ட் பட்டியலே வரவில்லை என்றால் சார்ஜ் மட்டும் ஏற்றும் ஒயராக இருக்கும், ஒயரை மாற்றுங்கள். அதுவும் இல்லை என்றால் போர்டின் யுஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவர் மென்பொருளைக் கணினியில் நிறுவுங்கள். நானோ போர்டு என்றால் ‘ஓல்டு பூட்லோடர்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஏற்றும்போது பேட்டரி சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும்.

அறிகுறி 9: செல் சூடாகிறது, வாடை வருகிறது

இங்கே சோதனை எதுவும் கிடையாது. சுவிட்சை அணையுங்கள். கை தாங்கும் சூடு என்றால் செல்லை ஹோல்டரிலிருந்து எடுத்து, வீட்டுக்கு வெளியே மண் அல்லது சிமென்ட் தரையில் வையுங்கள். புகையோ சீறலோ இருந்தால் தொடாமல் விலகி, பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துங்கள்.

ஆறியபின் காரணம் தேடலாம். வரிசையாக இணைத்த இரண்டு செல்லை ஒரே டிபி4056 சார்ஜிங் போர்டில் சார்ஜ் செய்ய முடியாது; அது ஒற்றைச் செல்லுக்கானது. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சார்ஜ் போடுங்கள், அல்லது இரண்டு செல்லுக்கான பிஎம்எஸ் (செல்லைக் காக்கும்) போர்டும் 8.4 வோல்ட் சார்ஜரும் வாங்குங்கள். பழசும் புதுசும் சேர்த்துப் போடாதீர்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல், உறை கிழிந்த செல், நசுங்கிய செல் எதற்கும் மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டாம்.

18650 செல்லின் தலையில் நேரடியாக ஈயம் வைக்கவும் கூடாது, சூடு உள்ளே இறங்கும். பேக்காகக் கட்ட வேண்டுமென்றால் மின்சார ஸ்கூட்டர் பேட்டரி பிரித்துக் கட்டும் கடையில் நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்து, பிஎம்எஸ் போர்டையும் அங்கேயே இணைத்து வாங்கிக்கொள்ளுங்கள். கழித்த செல்லின் இரு முனையிலும் டேப் ஒட்டி அதே கடையில் கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள்.